யார் நாய்?

1984 ஆடி மாதம். ஹட்டன் பக்கத்து ஆடியில் மழை பெய்வது செய்தியல்ல, விட்டால்தான் செய்தி. எங்கள் தேயிலைத் தோட்டத்தில், எட்டாம் நம்பர் லயத்து இஸ்தோப்பில், சொட்டும் குடையை மடக்கிப் பிடித்தபடி பொதுச் சுகாதாரப் பரிசோதகர், எங்கள் பேச்சில் பி.எச்.ஐ., நின்றார். வாசலில் ஒரு சாக்கு கிடந்தது. சாக்குக்குள் மணி. காலையில்தான் செத்திருந்தது.

"இது யார் நாய்?"

பன்னிரண்டு காம்பராவிலிருந்தும் ஆட்கள் வந்து நின்றார்கள். ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. அவர் மறுபடி கேட்டார். எங்கள் அம்மாயி மட்டும் மெதுவாக, "லயத்து நாய்ங்கய்யா" என்றார்.

"லயத்து நாய்னா? யாராவது ஒருத்தர் பேர் வேணுமே."

அவர் கையிலிருந்த ஏட்டில் அந்த இடம் வெறுமையாகவே கிடந்தது.

மூன்று நாளைக்கு முன் மணி என் தம்பியின் கெண்டைக்காலைக் கடித்திருந்தது. ஐந்து வயதுப் பிள்ளை. தினமும் அதன் முதுகில் சாய்ந்துகொண்டு ரொட்டி தின்கிறவன். அம்மாயி மஞ்சளும் மிளகாய்த் தூளும் குழைத்துக் காயத்தில் அப்பினார். அன்றைய வைத்தியம் அதுதான். காப்பித்தூள் வைத்தவர்களும் உண்டு, சுண்ணாம்பு வைத்தவர்களும் உண்டு. சவர்க்காரம் போட்டு ஓடுகிற தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவ வேண்டும் என்று சொல்ல யாரும் இருக்கவில்லை. பத்தடி தூரத்தில் பீலிக்கரையில் இரவும் பகலும் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. மறுநாள் மணியின் தாடை தொங்கிவிட்டது. எச்சில் நூலாக ஒழுக, அந்தப் பீலிக்கரைக் கல்லைப் போய்க் கடித்தது. அதைப் பார்த்த பிறகுதான் அது விசர், வெறிநோய், என்று பெரியவர்களுக்கு விளங்கியது.

மணிக்குச் சொந்தக்காரர்கள் இல்லாமல் இல்லை. ஐந்தாம் காம்பராக் குடும்பம் வளர்த்த நாய் அது. 1964ல் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் கையெழுத்துப் போட்ட உடன்படிக்கையில், இந்திய வம்சாவளியினரில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பதாக முடிவானது. வருடக்கணக்கில் இழுபட்டு 1982ல் அந்த வீட்டுக்கும் முறை வந்தது. ஹட்டன் ஸ்டேசனில் ஏறித் தலைமன்னார் போய், அங்கிருந்து கப்பலில் இராமேஸ்வரம். கூட்டிப்போன ரயிலுக்கு மலையகம் வைத்த பெயர் ஒப்பாரிக் கோச்சி. நாய்க்கு அதில் இடமில்லை. சாமான் ஏற்றிய லொறிக்குப் பின்னால் மணி மெயின் ரோட்டு முடக்கு வரை ஓடியது. மூன்றாம் நாள் திரும்பி வந்து, பூட்டிக் கிடந்த ஐந்தாம் காம்பரா வாசலில் சுருண்டது. பிறகு அந்தக் காம்பராவுக்கு வேறு குடும்பம் வந்தது. நாய் லயத்துக்கு ஆனது. பி.எச்.ஐ. பெயர் கேட்டபோது அந்தப் பெயர்க்காரர்கள் நீலகிரியில் எங்கோ கொழுந்து பறித்துக்கொண்டிருந்திருப்பார்கள்.

இங்கிருந்தவர்கள் பேசாமல் நின்றதற்குக் காரணம் பயம். 'என் நாய்' என்று சொல்லிவிட்டால் காரியாலயத்தில் என்ன கேட்பார்கள், பேர் வெட்டுவார்களா, சம்பளத்தில் பிடிப்பார்களா என்று தெரியாது. இருக்கிற காம்பராவே நம்முடையது இல்லை எனும்போது, அதன் வாசலில் படுக்கிற நாயை எந்த வாயால் என்னுடையது என்பது?

நாயின் மூளையைப் பரிசோதிக்க வேண்டும், தலையைக் கொழும்பு பொரளையில் இருக்கிற மருத்துவ ஆராய்ச்சி நிலையத்துக்குக் கொண்டுபோக வேண்டும் என்றார்கள். மாமாதான் போனார். ஹட்டன் மீன்கடையில் ஐஸ் வாங்கி, பெரிய பிஸ்கட் டின்னில் மரத்தூளோடு கொட்டி, நடுவில் பொலித்தீன் சுற்றிய தலையை வைத்து, மூடியைச் சணல் கயிற்றால் நாலு பக்கமும் கட்டினார். இரவு மெயிலில் சீட்டுக்கு அடியில் டின். ஐஸ் உருகி மீன் வாடையோடு தண்ணீர் கசிந்தபோது, பக்கத்திலிருந்த அம்மா ஒருத்தர், "மீனா தம்பி?" என்று கேட்டாராம். மாமா தலையை ஆட்டியிருக்கிறார். விடியும் வரை டின்னில் கால் படாமல் ஒடுங்கி உட்கார்ந்திருந்ததாகச் சாகும் வரை சொல்வார்.

விசர் உறுதியானது. தம்பிக்கு வயிற்றில், தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி. அந்த மருந்தின் மூல வடிவத்தை டேவிட் செம்பிள் இமயமலைச் சாரலில் உள்ள கசௌலியில் 1911ல் உருவாக்கினார். ஆட்டின் மூளையில் கிருமியை வளர்த்து, கொன்று செய்வது. பாஸ்டர் 1885ல் ஜோசப் மைஸ்டர் என்ற சிறுவனைக் காப்பாற்றிய வழியின் தொடர்ச்சி. நூறு வருடம் கழித்தும் எங்களுக்குக் கிடைத்தது அந்தப் பழைய, வலி மிகுந்த வகைதான். அதை இலங்கை 1990களின் நடுவில் கைவிட்டது. இன்றைக்குக் கடிபட்டவருக்கு ஊசி கையில், சில தடவைகள் மட்டுமே. தம்பி பிழைத்தான். நாற்பத்தைந்து வயதைத் தாண்டியும் நாய் குரைத்தால் வயிற்றில் கை வைக்கிறான்.

நாலாம் நாள் தோட்டத்துக் காவல்காரர் துப்பாக்கியோடு வந்தார். மேல் லயம், கீழ் லயம், பிள்ளைக் காம்பராப் பக்கம் என்று ஒவ்வொன்றாகச் சுட்டார். கடித்தது, கடிக்காதது, குட்டி போட்டுப் பால் கொடுத்துக்கொண்டிருந்தது எல்லாமே. அன்று மாலை லயத்தில் கேட்ட அமைதியை இன்றுவரை வேறெங்கும் நான் கேட்டதில்லை.

மலையில் நாய் வளர்ப்பு அன்றும் இன்றும் எப்படி என்று யாராவது கேட்டால், எனக்கு முதலில் அந்த வெறுமையான கட்டம்தான் ஞாபகம் வருகிறது. ஊசியும் உண்ணி மருந்தும் அதற்குப் பிறகு வருகிறவை. முதலில் யாராவது ஒருத்தர் 'இது என்னுடையது' என்று சொல்ல முடிய வேண்டும்.

பெயரும் சொந்தக்காரனும் உள்ள நாய்கள் இந்த மலைக்குத் தேயிலைக்கு முன்பே வந்துவிட்டன. 1848ல் சாமுவேல் பேக்கர் என்ற ஆங்கிலேயர் நுவரெலியாவில் குடியேறியபோது இங்கிலாந்திலிருந்து மாடு, ஆட்டோடு ஒரு கூட்டம் வேட்டை நாய்களையும் கொண்டுவந்தார். ஹோட்டன் சமவெளியில் அவர் பெயரால் இன்றும் ஓர் அருவி இருக்கிறது. மரைகளை நாய் விட்டுத் துரத்தி, கத்தியால் குத்திக் கொல்வது அவருடைய வேட்டை. ஸ்மட், கில்பக், லூசிபர் என்று நாய்களுக்குப் பெயர் வைத்து, அவற்றின் வீரத்தையும் சாவையும் புத்தகத்தில் எழுதினார். நாய்களைக் கழுவி, சோறு போட்டு, பன்றி கிழித்த வயிற்றைத் தைக்கப் பிடித்துக்கொண்டு நின்ற உள்ளூர்ப் பையன்களைப் பற்றி அந்த அளவுக்கு எழுதவில்லை.

ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் 1867ல் தேயிலை போட்டார். பின்னால் பங்களாக்கள் எழும்பின. பங்களாக்களுக்கு அல்சேசன், லெப்ரடோர், டெரியர் வந்தன. தொரையோடு நாயும் மலை பார்க்கக் கிளம்பும். நாய்க்கு இறைச்சி வேகவைக்க ஒரு சட்டி, நடத்திக்கொண்டு போக ஒரு பையன். என் தாத்தா சிறுவயதில் அப்படி ஒரு பையனாக இருந்தவர். நாயைப் பற்றி அவர் கற்றதெல்லாம் பங்களாவில் கற்றது. சாப்பாட்டை வைத்துவிட்டு 'இரு' என்று சொல்லிக் காத்திருக்க வைப்பது, ஈர நாயைச் சாக்கால் மயிர் போகிற போக்கில் துடைப்பது, வாயைத் திறந்து மாத்திரையை நாக்கின் அடியில் இல்லாமல் பின்தொண்டையில் வைத்துத் தாடையைத் தடவி விழுங்கச் செய்வது. லயத்து நாய்களுக்கும் அதையே செய்வார். ஜிம்மி, டைகர், ரோசி, டொமி என்று லயத்து நாய்களுக்கு இங்கிலீஸ் பெயர்கள் வந்ததும் அந்த வழியாகத்தான் என்று நினைக்கிறேன்.

நாட்டில் நாய்க்குச் சட்டம் அப்போதே இருந்தது. விசர்நாய்க்கடிக் கட்டளைச் சட்டம் 1893, நாய்களைப் பதிவு செய்யும் சட்டம் 1901. பதிவு உள்ளூராட்சிச் சபைகளின் வேலை. ஆனால் தோட்டம் சபைக்கு வெளியே கிடந்த பூமி. 1987ல் வந்த பிரதேச சபைச் சட்டத்தில் கூட, தோட்டத்து மக்களுக்குச் சபை வழமையாகச் செலவு செய்ய வழி இருக்கவில்லை. 33ஆம் பிரிவைத் திருத்தியது 2018ல்தான். மனிதர்களின் பாதைக்கும் விளக்குக்கும் வராத சபை, எட்டாம் நம்பர் லயத்து நாயைப் பதிய வந்திருக்கப் போவதில்லை.

1973ல் இலங்கையில் விசர்நாய்க்கடியால் 377 பேர் இறந்தார்கள். 1975ல் விசர்க் கட்டுப்பாடு சுகாதார அமைச்சின் பொறுப்பானது. நாய்களுக்கு இலவசத் தடுப்பூசி வந்தது. 2006ல் தெருநாய்களைக் கொல்வதை அரசாங்கம் நிறுத்தியது. அப்போது பயந்தவர்கள் பலர். 'சுடாவிட்டால் விசர் பெருகுமே' என்றார்கள். பெருகவில்லை. அண்மைய வருடங்களில் இறப்பு இருபது, முப்பது என்ற அளவுக்கு இறங்கியிருக்கிறது. சுட்ட இடத்துக்கு ஊசி போடாத புது நாய் வந்து சேரும். ஊசி போட்ட நாய் தன் இடத்தில் இருந்தால் அது ஒரு வேலி. பத்தில் ஏழு நாய்க்கு ஊசி விழுந்தால் விசர் ஓட வழியில்லாமல் அடங்கும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. 1984ல் எங்கள் லயத்தில் சுட்ட ஒவ்வொரு தோட்டாவுக்கும் பதில் ஓர் ஊசி வந்திருக்கலாம் என்று இப்போதும் எனக்கு நெஞ்சு கொதிக்கும்.

இன்றைக்கு நாங்கள் நோர்வூட் பக்கம் ஏழு பேர்ச் காணியில் தனி வீட்டில் இருக்கிறோம். இந்தியப் பிரதமர் மோடி 2017 மே மாதம் நோர்வூட் மைதானத்தில் இன்னும் பத்தாயிரம் வீடு என்று அறிவித்தபோது அந்தக் கூட்டத்தில் நானும் நின்றேன். ஏழு பேர்ச் பெரிய நிலமில்லை. ஆனால் நாலு பக்கமும் எல்லை இருக்கிறது. எல்லைக்குள் கூடு கட்டலாம். கூட்டுக்குள் படுப்பது என் நாய் என்று சொல்லலாம்.

எங்கள் நாயின் பெயர் பிரவுணி. கோயில் மதிலோரம் உரப் பையில் கட்டிப் போட்டிருந்த நாலு பெட்டைக் குட்டிகளில் ஒன்று. ஐப்பசி, கார்த்திகையில் நாய்கள் கூடும். தை, மாசியில் உரப் பைகள் வரும். கடுவன் குட்டியை யாராவது எடுத்துக்கொள்வார்கள், பெட்டை கிடக்கும். அந்த நாலில் இரண்டு அன்றிரவே குளிரில் செத்தன. தை மாதம் நுவரெலியாவில் புல் வெள்ளையாகி, பள்ளத்தில் கிடக்கும் தேயிலையில் கொழுந்து கருகும் அளவுக்குப் பனி விழும். பால்குடி மறக்காத குட்டிக்குத் தன் உடம்பைச் சூடாக வைத்துக்கொள்ளத் தெரியாது. அந்த நேரத்தில் பால் புகட்டுவதை விட முக்கியம் சூடு. வெந்நீர் போத்தலைத் துணியில் சுற்றிப் பக்கத்தில் வைத்து, உடம்பு வெதுவெதுப்பான பிறகுதான் பால். குளிர்ந்த குட்டிக்குப் புகட்டினால் அது செரிக்காது.

லயத்தில் இந்தப் பிரச்சினைக்கு ஓர் அடுப்பு இருந்தது. இரவுச் சமையல் முடிந்து விறகை இழுத்த பிறகு, சாம்பல் விடியும் வரை சூடாக இருக்கும். மணி அதில்தான் படுக்கும். காலையில் பெரட்டுக்குப் போக அம்மா எழும்பி அடுப்புக் கிளறினால், செம்மண் நிற நாய் சாம்பல் நிறமாக எழுந்து, உதறி, தும்மிக்கொண்டு வெளியே போகும். சாம்பல் குளிரைப் போக்கியதோடு தெள்ளையும் ஓரளவு அடக்கியது என்று பெரியவர்கள் சொல்வார்கள். இன்றைக்கு எங்கள் வீட்டில் காஸ் அடுப்பு. சீமெந்துத் தரை. பனிக்காலத்தில் சீமெந்து நாயின் மூட்டைத் தின்னும், முக்கியமாக வயதான நாய்க்கு. மரப் பலகை இரண்டு அடுக்கி, மேலே காட்போட்டும் உலர்ந்த சாக்கும் போட்டிருக்கிறேன். சாக்கு ஈரமாகிவிட்டால் வெறுந்தரையே மேல்.

பிறகு வறட்சி. மாசி தொடங்கிச் சித்திரை வரை வெயிலும் உண்ணியும். அம்மா மாலையில் மடியில் நாயைப் போட்டு, சிரட்டையில் கொஞ்சம் மண்ணெண்ணெய் வைத்துக்கொண்டு, உண்ணியை ஒவ்வொன்றாகப் பிடுங்கி அதில் போடுவார். நகத்தில் நசுக்க விடமாட்டார். அந்தப் பழக்கம் சரியானது. காது மடலுக்குள், கால் விரல் இடுக்கில், வாலடியில், கழுத்துப் பட்டிக்கு அடியில் என்று தேடும் வரிசையும் சரியானது. ஆனால் உண்ணி விட்டுப்போகும் காய்ச்சலைப் பற்றி எங்களுக்குத் தெரியாது. நாய் நாலு நாள் சாப்பிடாமல் கிடந்து செத்தால் 'காத்துப் பட்டிருச்சு' என்போம். பேபீசியா என்ற கிருமி இரத்தச் செல்லை உடைக்கிறது. உதட்டைத் தூக்கிப் பாருங்கள்: ஈறு ரோஸ் நிறமாக இருக்க வேண்டியது வெளிறி இருந்தால், மூத்திரம் பிளேன்டீ நிறத்தில் போனால், அன்றைக்கே டொக்டரிடம் போக வேண்டும். பனடோல் கொடுத்துப் பார்ப்போம் என்று தயவுசெய்து யாரும் நினைக்க வேண்டாம். மனிதர் அளவுக்குக் கொடுத்தால் நாயின் ஈரல் கெட்டுவிடும், பூனையென்றால் ஒரு மாத்திரையே உயிரை எடுக்கும்.

மழைக்காலம்தான் இந்தப் பக்கத்து உண்மையான சோதனை. வைகாசி கடைசியில் பிடித்தால் ஆவணி, புரட்டாசி வரை. உலராத மயிரில் சொறி பிடிக்கும். காதுக்குள் நாற்றம் வரும். சொறிக்கு லொறியில் வடித்த கழிவு ஒயிலைப் பூசுவது அன்றைய வழக்கம், இன்றும் மறையவில்லை. புண் காய்ந்தது போலத் தெரியும். நாய் அதை நக்கும், நக்கியது குடலுக்கும் சிறுநீரகத்துக்கும் போகும். எங்கள் தாத்தா வளர்த்த ரோசி அப்படித்தான் போனது. அதற்கு ஒயில் பூசிய கைகளில் என் கையும் ஒன்று.

பழையதெல்லாம் தப்பு என்று சொல்லவில்லை. போன வருட மழையில் பிரவுணி ஒரு வாரமாகத் தும்மியது. மூக்கின் ஒரு துவாரத்திலிருந்து மட்டும் சொட்டுச் சொட்டாக இரத்தம். பக்கத்து வீட்டுப் பெரியப்பா, அறுபது வயது வரை மலையில் கவ்வாத்து வெட்டியவர், ஒரு பார்வை பார்த்துவிட்டு, "அட்டை ஏறியிருக்கு. ராத்திரி தண்ணி வைக்காதே, காலையில நான் வாறேன்" என்றார்.

விடிந்ததும் வந்தார். வெள்ளைச் சட்டியில் பீலித் தண்ணீர் நிரப்பிப் பிரவுணியின் மூக்குக்கு ஒரு சாண் தள்ளிப் பிடித்தார். குடிக்க விடவில்லை. நாய் தாகத்தில் மூக்கை நீட்டியது, நான் கழுத்தைப் பிடித்திருந்தேன். ஒரு நிமிடம் போனது. துவாரத்தின் ஓரத்தில் கருப்பாக ஏதோ அசைந்தது; உள்ளே இழுத்துக்கொண்டது. பெரியப்பா மூச்சுக் காட்டவில்லை. மறுபடி வந்தது, இந்தத் தடவை அரை அங்குலம், தண்ணீரின் மேற்பரப்பைத் தேடுவது போல நுனியை அசைத்தது. அவர் வலது கையில் உப்புத் தொட்ட உலர்ந்த துணி இருந்தது. சட்டென்று பிடித்தார், இழுக்கவில்லை, பிடித்தபடியே இருந்தார். அதுவாகப் பிடி விட்டதும் மெதுவாக வந்தது. விரல் நீளம் இருந்தது. பிரவுணி மூன்று தரம் தும்மிவிட்டுச் சட்டித் தண்ணீர் முழுவதையும் குடித்தது. ஓடைத் தண்ணீர் குடிக்கும்போது மூக்கில் ஏறும் அட்டை அது. ஹட்டனில் டொக்டரிடம் சொன்னபோது, தண்ணீர் காட்டி எடுப்பது நல்ல முறைதான் என்றார். மூக்குக்குள் புகையிலைத் தண்ணீர் விடுவதைத்தான் செய்யக்கூடாது என்றார்.

நாய்க்கு டொக்டர் என்று ஒருவர் ஹட்டனிலும் நுவரெலியாவிலும் இருப்பதே எங்கள் தலைமுறைக்குப் பெரிய மாற்றம். அன்று மிருக வைத்தியர் என்றால் மாட்டுக்கு. பசு கன்று போடச் சிரமப்பட்டால் ஆள் அனுப்புவோம், நாய்க்கு அனுப்ப யாருக்கும் தோன்றாது. இன்று பெரிய வருத்தம் என்றால் பேராதனைப் பல்கலைக்கழக மிருக வைத்தியசாலை வரை போகிறார்கள். பஸ்ஸில் ஏற்றமாட்டார்கள், ஆட்டோக் கூலியே ஒரு கிழமைச் சம்பளத்துக்குப் பக்கம் வரும். அதனால்தான் தவிர்க்கக்கூடிய நோயைத் தவிர்ப்பது தோட்டத்து நாய்க்கு இன்னும் முக்கியம். பார்வோ வந்த குட்டி இரத்தமாகக் கழிந்து ரெண்டு மூன்று நாளில் போய்விடும். சலைன் ஏற்றிக் காப்பாற்றும் செலவில் பத்துக் குட்டிக்கு ஊசி போடலாம். ஆறு, எட்டு வாரத்தில் தொடங்கி, மூன்று நாலு வாரத்துக்கு ஒரு தடவை, நாலு மாதம் ஆகும் வரை. விசர் ஊசி தனி, அது இலவசம், வருடா வருடம். பிரவுணிக்கு ஏழாம் மாதத்தில் கருத்தடையும் செய்தோம். அதற்குப் பிறகு எங்கள் வாசலில் உரப் பைக்கு வேலையில்லை.

சாப்பாட்டில் மாற்றம் அவ்வளவு பெரிதில்லை. அன்று காய்ந்த ரொட்டி, கஞ்சி, கருவாட்டுத் தலை. இன்று கோழிக்கடையில் தலையும் காலும் வாங்கிச் சோற்றோடு அவிக்கிறோம். வெங்காயம் போட்ட கறிக்குழம்பு ஊற்றாமல் இருந்தால் போதும்.

பயிற்சி என்ற சொல்லை எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தவள் என் மகள். அவித்த முட்டையைச் சுண்டு விரல் நகமளவுக்குக் கிள்ளி வைத்துக்கொண்டு, 'பிரவுணி, வா' என்பாள். வந்தால் ஒரு துண்டு. முதலில் வீட்டுக்குள், பிறகு வாசலில், பிறகு தேயிலைக்குள். இது விளையாட்டாகத் தெரியலாம். தேயிலை மலையில் கூப்பிட்டால் திரும்பி வருகிற நாய்தான் உயிரோடு இருக்கும். காட்டுப் பன்றிக்கு என்று போடுகிற சுருக்குக் கம்பி புதருக்குள் கண்ணுக்குத் தெரியாது. 2020 மே மாதம் நல்லதண்ணிப் பக்கம், லக்சபானத் தோட்டத்தில் ஒரு கருஞ்சிறுத்தை அப்படிக் கம்பியில் மாட்டிக் கழுத்து அறுபட்டு, மீட்ட பிறகும் மூன்று நாளில் இறந்ததை நாடே பார்த்தது. அதே கம்பியில் மாட்டுகிற நாய்களை யாரும் எண்ணுவதில்லை.

சிறுத்தையைச் சொன்னேன். லயத்துக் காலத்திலும் சிறுத்தை வந்து நாய் தூக்கும். காலையில் சங்கிலி மட்டும் கிடக்கும். ஆய்வாளர்கள் அன்ஜலி வொட்சனும் அன்ட்ரு கிட்டிலும் இந்தத் தேயிலைப் பக்கங்களில் கமெரா வைத்துச் சிறுத்தைகளைப் பல வருடமாகப் பின்தொடர்கிறார்கள். அவை பெரும்பாலும் காட்டு விலங்குகளைத்தான் தின்கின்றன, நாயும் அவற்றுக்கு இரைதான். வெளியே சங்கிலியில் கட்டிய நாய், ஓடவும் முடியாமல் குரைத்து இடம் காட்டிக்கொண்டிருக்கும் இரை. பொழுது சாய்ந்தால் நாய் உள்ளே. இதில் எங்கள் வீட்டில் தளர்வு இல்லை. நாயும் பிழைக்கும், சிறுத்தையும் கம்பிக்கும் நஞ்சுக்கும் தப்பும்.

சங்கிலிதான் இன்றைய காலத்தின் குறை. என்னை நானே இதில் சேர்த்துத்தான் சொல்கிறேன். மணிக்கு ஊசி இருக்கவில்லை, ஆனால் அது ஒரு நாளும் தனியாக இருக்கவில்லை. காலையில் கொழுந்துக்காரப் பெண்களோடு மலைக்கு, பத்து மணிக்குப் பிள்ளைக் காம்பராவுக்கு, நாலரைக்கு நிறுவை மடுவத்துக்கு, இரவு அடுப்புக்கு. பன்னிரண்டு வீட்டுக் குரலும் அதற்குத் தெரியும். இப்போது இந்த வீடமைப்பில் கணவன் கொழும்பில் கடையில், மனைவி மலையில் அல்லது வெளிநாட்டில், பிள்ளைகள் ஸ்கூலில். ஊசி அட்டை பூரணமாக இருக்கிற நாய், காலை ஏழிலிருந்து மாலை ஐந்து வரை நாலு முழச் சங்கிலியில் நின்ற இடத்திலேயே சுற்றிச் சுற்றிப் புல்லைத் தேய்க்கிறது. பிறகு 'கடிக்குது, பழக்கமில்லாத நாய்' என்கிறோம். பிரவுணியும் முதல் வருடம் அப்படித்தான் நின்றது, பின்னங்காலை நக்கி நக்கிப் புண்ணாக்கிக்கொண்டது. டொக்டர் களிம்பு எழுதவில்லை. "காலையில இருபது நிமிசம், சாயந்தரம் இருபது நிமிசம் கூட்டிட்டுப் போங்க" என்று சொல்லி அனுப்பினார். இரண்டு மாதத்தில் புண் ஆறியது. தீபாவளி வெடிக்கு மட்டும் நானும் அதோடு உள்ளறையில் ரேடியோவைக் கூட்டி வைத்து உட்கார்ந்துவிடுவேன்; அன்று கட்டிப் போட்டால் கழுத்தை அறுத்துக்கொள்ளும்.

போன பங்குனியில் ஊசி போடுகிறவர்கள் வந்தார்கள். ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டி முதல் நாளே அறிவித்தார்கள். எங்கள் வீடமைப்பில் முடித்துவிட்டுப் பழைய லயத்துக்குப் போனபோது, பிரவுணியைப் பிடித்துக்கொண்டு நானும் மகளும் கூடப் போனோம். எட்டாம் நம்பரில் இப்போது ஐந்து காம்பராவில்தான் ஆட்கள். தகரம் துருப்பிடித்திருக்கிறது. இஸ்தோப்பில் ஒரு கிழட்டுக் கடுவன் படுத்திருந்தது, முகமெல்லாம் நரை, ஒரு காது கிழிந்தது. ஊசி போடுகிற பையன் மலையகப் பையன்தான், இருபத்தைந்து வயது இருக்கும். வாயைச் சுற்றித் துணிப் பட்டியால் மெதுவாக ஒரு முடிச்சுப் போட்டு, தோளில் தோலைக் கிள்ளி ஊசி போட்டு முடித்தான். நாய் எழும்பக்கூட இல்லை. அட்டையை எடுத்தான்.

"இது யார் நாய்?"

எனக்குக் கால் ஒரு கணம் நிலத்தில் இல்லை.

மலைக்குக் கிளம்பி நின்ற ஒரு பெண், படங்குச் சாக்கைச் சரிசெய்தபடி, "என் பேர எழுதுங்க தம்பி" என்றார்.

அடுத்த காம்பராக் கதவிலிருந்து ஒரு கிழவி சத்தம் போட்டார்: "சோறு போடுறது நானு. என் பேரையும் எழுதுப்பா."

அட்டையில் ஒரு பெயருக்குத்தான் கோடு இருந்தது. பையன் முதல் பெயரை எழுதி, அட்டையைத் திருப்பிப் பின்பக்கத்தில் இரண்டாவதை எழுதினான்.